மைக்கல் மாஸ்டரின் உடல்

ஜெரோமி மலையகத்து வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் பனிமூட்டம் தண்டவாளம் வரை இறங்கி எதிர் மலையை விழுங்கியிருந்தது.

மருத்துவ பீடமொன்றில் அவன் உடற்கூற்றியல் விரிவுரையாளன். கை நரம்புகள் எப்படிக் கிளை பிரிகின்றன என்பது அவனுடைய ஆய்வு. அதற்கு உடலைத் தந்தவர் இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த மைக்கல் மாஸ்டர். உடல் தந்தவர்களுக்காக வருஷாவருஷம் நடக்கும் பிரார்த்தனைக்கு அவர் குடும்பத்தை அழைக்கத்தான் ஜெரோமி வந்திருந்தான்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் மாஸ்டரின் மகள் றொசானா கதவைத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்க சேர். அம்மா படுக்கையில இருக்காங்க."

வாசற்படியிலேயே அந்த வாடை மூக்கில் ஏறியது. பிணம் அழுகாமலிருக்க ஏற்றும் ஃபோமலின். தன் சட்டையோடு வந்த வாடையாக்கும் என்று நினைத்தான்.

சட்டை நேற்றுத்தான் துவைத்தது.

மாஸ்டரின் மனைவி பெயர் ஜோசப்பின். கம்பளிக்குள் கிடந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவை போலக் கிடந்தன.

"மொதல்ல வலது கை மரத்துப் போச்சு சேர்," என்றாள் றொசானா, குரலைத் தாழ்த்தி. "அப்பாவைக் குடுத்துக் கொஞ்ச நாளையில. அப்புறம் இடது கை. இப்ப காலும் விளங்கல. நுவரெலியா ஆஸ்பத்திரியில காட்டிட்டோம். ஒன்னும் இல்லைங்கிறாங்க."

வலது கை. இடது கை. கால்கள்.

பீடத்து மேசையில் மாஸ்டரின் உடலை அவர்கள் அறுத்துக்கொண்டு வந்த ஒழுங்கும் அதுதான்.

ஜெரோமி அந்த வலது கையைத் தூக்கினான். ஈரத் தோல் பை போலச் சில்லிட்டிருந்தது. இந்தக் கனத்தை, இந்த விறைப்பை அவனுடைய விரல்கள் ஏற்கெனவே அறிந்திருந்தன.

ஜோசப்பின் கண்ணைத் திறந்தாள்.

"நீங்கதானே தம்பி கையை அறுத்தது?"

அவன் அந்தக் கையை மெல்லக் கம்பளியின் மேல் இறக்கி வைத்தான்.

"அவருதான் சொன்னாரு. அந்தத் தம்பி பதமாத்தான் செய்றாருன்னு." உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள். "அவருக்கு ஒன்னும் தெரியலையாம். வலியெல்லாம் எனக்குத்தான் வருது."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்று மாணவர்கள் நெஞ்சைத் திறக்கும் நாள்.

மேல் ரோட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்றாள் றொசானா. தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி ஓடினான். கூட வேலை செய்யும் வினோஜன் போனை எடுத்தான்.

"வினோ, நிப்பாட்டச் சொல்லு! மாஸ்டரோட உடம்புல யாரும் கை வைக்க வேணாம்!"

"என்னடா சொல்ற? நெஞ்சைத் திறந்தாச்சு. இதயத்தை எடுத்துத் தட்டுல வச்சிருக்கோம்."

கீழே, பனிக்குள்ளிருந்து றொசானாவின் அலறல் கேட்டது.

திரும்பி ஓடிவந்து ஜோசப்பினின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். நாடி இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். ஆளில்லாத வீட்டுச் சுவரில் காது வைத்தது போலிருந்தது.

"தம்பி," என்றாள் அவள், அவன் தலைக்கு மேலே. "நான் செத்துட்டேனா?"

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. பேச மட்டும் செய்தாள். பீடத்துக்குத் திரும்பி, வீட்டுக்காரர்கள் உடலைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் மன்றாடினான் ஜெரோமி. அனுமதி கிடைத்ததும் இதயத்தைத் தன் கையாலேயே உள்ளே வைத்துத் தைத்தான். றொசானா தாயைப் பார்த்துவிட்டு மேல் ரோட்டுக்கு ஏறி வரும்வரை காத்திருந்து அவளுக்குப் போன் எடுத்தான்.

"துடிப்பு வந்திச்சா?"

"இல்லைங்க சேர்."

இனி ஒரே ஒரு நம்பிக்கைதான். அவரை மண்ணில் வைத்தால் இவளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

லயத்துக்குக் கீழேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். சாமியார் ஜெபித்தார். பெட்டியை இறக்கினார்கள். மண்வெட்டிக்காரர் அழகுமுத்து மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

மேலேயிருந்து றொசானா கத்தினாள்.

"நிப்பாட்டுங்க! அம்மா வாயில மண்ணு!"

ஜெரோமி ஓடினான். சுத்தமான படுக்கையில் கிடந்தவளின் உதட்டோரம் ஈரச் செம்மண் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தான். மறுபடி வந்தது. றொசானா விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். மறுபடி வந்தது.

"அம்மா, அப்பாவை மேல எடுத்துடச் சொல்றேன். இப்பவே சொல்றேன்மா!"

ஜோசப்பின் தலையை அசைத்தாள்.

"வேணாம் றோசி. மூடச் சொல்லு."

"அம்மா..."

"எடுத்தா மட்டும் நான் எங்க போறது? மூடச் சொல்லும்மா."

றொசானா தாயின் உதட்டை இன்னொரு முறை துடைத்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். மூடுங்கள் என்று கீழே நின்றவர்களுக்குக் கையைக் காட்டினாள்.

மண்வெட்டிகள் மறுபடி அசைந்தன.

தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி மண் விழும்வரை றொசானா அந்த வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மண் மூடியதோடு ஜோசப்பினின் பேச்சும் நின்றது. மறுநாள் அவளை மாஸ்டரின் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

பீடத்தில் மாஸ்டர் கிடந்த இரும்பு மேசையைக் கழுவி, யாரென்று தெரியாத ஒருவரின் உடலை நடுவில் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் அது, இன்னொருவருக்கு இடம் விட்டது போல, மேசையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. நடுவுக்கு இழுத்து வைத்தார்கள். அடுத்த காலையிலும் ஓரத்தில்தான் கிடந்தது.

ஜெரோமி அந்த வெறும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான்.

இரும்பு சூடாக இருந்தது. ஆள் இப்போதுதான் எழுந்து போன படுக்கையைப் போல.