வேலைநிறுத்தத்திற்கு அன்புடன் அழைக்கிறோம்

ஒரகடம் வட்டார உழைக்கும் மக்களுக்கு மேகரதம் கார் நிறுவனத்தின் நிர்வாகம் பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது: இன்று காலை நமது ஆலை வாசலில் மாபெரும் வேலைநிறுத்தம் நடைபெறும். அனைவரும் கோபத்துடன் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும். கொடியும் மோரும் நிர்வாகமே வழங்கும்.

மாதாமாதம் நடப்பதுதான். கார்களை இயந்திரங்கள் செய்கின்றன. அந்தக் கார்களை யாரும் வாங்குவதில்லை. ஆலை செழிப்பாக இருப்பது மீட்புநிதிச் சட்டத்தால். தொழிலாளி கூலி கேட்டு நட்டம் வந்தால் அரசு பணம் தரும். நிர்வாகத்தின் தவறு என்றால் சல்லிக்காசு தராது. ஆகவே கூலி கேட்பதற்கென்றே நாற்பது பேரைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். வேலை பார்ப்பதாகக் காட்ட, தினமும் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று நடந்துவிட்டுக் கேன்டீனில் உட்காருவார்கள்.

சென்ற வாரம் அப்படிச் சுற்றி வந்தபோது ஓர் இயந்திரம் திரும்பி, நாற்பது பேரில் ஒருவனான ஜெபராஜின் பாதத்தை நசுக்கிவிட்டது. சங்கச் செயலாளர் தேவகிருபை அவனுடைய அக்கா.

"இன்னிக்கு கூலி கேக்கப்போறதில்ல சார். மிஷினைச் சுத்தி வேலி கேக்கப்போறோம்," என்றாள்.

மனிதவள மேலாளர் வரதகுமாருக்கு வியர்த்தது. "வேலி கேட்டீங்கன்னா, அது இல்லாதது எங்க தப்புன்னு ஆயிடும்மா. நிதி நின்னுடும். அப்புறம் நாப்பது பேரும் வீட்டுக்குத்தான். நீ பாட்டுக்கு கூலிய எழுபது பர்சென்ட் ஏத்திக் கேளேன், யாரு வேணாங்கிறா?"

"என் தம்பி பர்சென்ட்டை வச்சு நடப்பானா?"

மீட்புநிதிப் பார்வையாளர் வந்து, கோபத்தை அளக்கும் சினமானியை மேசைமேல் வைத்தார். சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

தேவகிருபை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

"வேலி போடு! அடுத்த கால் யாரோடது?"

முதலில் யாரும் சேர்ந்து கத்தவில்லை. பிறகு ஒருவர். பிறகு எல்லாரும். கூலி கேட்கும்போது கொட்டாவி விட்டவர்கள் இப்போது தொண்டை கிழியக் கத்தினார்கள். வரதகுமார் கண்ணை மூடிக்கொண்டார்.

சினமானியின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. பார்வையாளர் பஞ்சை எடுத்தார்.

"பிரமாதம். சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்ட்ரைக் பாத்ததில்ல. என்ன கேட்டாங்க?"

"கூலி சார்," என்றார் வரதகுமார்.

"பொய் சார். வேலி கேட்டோம்," என்று தேவகிருபை மேசையை நோக்கி ஓடிவந்தாள்.

"இன்னும் நிறுத்தல பாருங்க," என்று மெச்சியபடி அவர் மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டார்.

அந்த மாதம் நிதி இரு மடங்காக வந்தது. வேலி போடவில்லை.