படியில் பனி தங்காத இடம்

வாசற்படியில் ஓர் இடத்தில் மட்டும் பனி தங்கவில்லை.

மத்தியானத்திலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கார் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. குப்பைத் தொட்டி மூடிமேல் ஒரு முழத்துக்குப் பனி. ஆனால் மேல்படியில், கதவை ஒட்டி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கல் கறுத்து ஈரமாய்த் தெரிந்தது. நொரீன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படியப் பார்த்தாள். அடியில் வெந்நீர்க் குழாய் போகிறதோ என்னவோ. அதுதான், வேறென்ன இருக்கப் போகிறது! இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். லோவல் ஊரில் இந்த மாதத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். புருஷன் டெக்லன் நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். கூப்பிட்டார்கள், பாதி தின்ற ரொட்டியோடு ஓடிவிட்டான். அவனுடைய சித்தப்பா மார்ட்டி கோயிலில் இருந்தார். வீட்டில் அவளும் ஆறு வயது மகள் மேவும்தான். மேவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். நாளெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டு, அந்தச் சூடு நொரீனின் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. கையை எடுத்த பிறகும் சுட்டது.

அவ்வளவு காய்ச்சலிலும் குழந்தை எழுந்து வந்து ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் சோபாவில் படுத்தாள். புருஷனுடைய டெவனி குடும்பத்தில் வீட்டுக்குச் சின்னவர் கைதான் ஏற்ற வேண்டும். நொரீனின் பிறந்த வீட்டிலும் ஜன்னலில் வெளிச்சம் உண்டு, பாட்டரி போட்டது. இங்கே நிஜத் தீ. அதோடு போகவில்லை, மெழுகுவர்த்தி எரிந்து முடியும் வரை வாசல் கதவு திறந்தே இருக்க வேண்டுமாம். வருஷா வருஷம் மார்ட்டி கதவோரம் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். பக்கத்தில் காலி நாற்காலி ஒன்று, ஒரு குவளைத் தண்ணீர். வீடு ஐஸ்பெட்டியாகிறது என்று அவள் கத்துவாள். "ஒரு சாயங்காலம் நடுங்கினா செத்தா போயிடுவே?" என்று அவர் சிரிப்பார்.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் டொக் டொக்கென்று முனகிவிட்டு அடங்கியது. அந்த அமைதியில்தான் வாசனை வந்தது. நனைந்த கம்பளியின் வாடை, அதற்கடியில் நாள்பட்ட வேர்வை, அழுகின உருளைக்கிழங்கின் புளித்த நெடி. கதவிடுக்கு வழியாக, தரையோடு தரையாக வந்தது.

பிறகு ஒரு சத்தம். யாரும் கதவைத் தட்டவில்லை. கதவின் அடிப்பாகத்தில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, மெத்தென்று ஒரு மோதல். படியில் உட்கார்ந்திருப்பவர் அலுத்துப் போய்த் தலையைப் பின்னால் சாய்த்தால் அப்படித்தான் கேட்கும்.

போன் அடித்தது. நொரீனுக்கு உயிரே போய்விட்டது.

"அம்மாடி, ரோட்டை மூடிட்டானுங்க. கோயில்லயே மாட்டிக்கிட்டேன்," என்றார் மார்ட்டி. "பாதர் கிட்ட நல்ல சரக்கு இருக்கு, அதனால கவலையில்ல. புள்ள எப்படி இருக்கா?"

"அனலா கொதிக்குது மாமா."

"விளக்கு ஏத்தினாளா?"

"ம்."

"கதவு?"

நொரீன் தாழைப் பார்த்தாள். "திறந்துதான் இருக்கு."

"பொய் சொல்லாத கண்ணு. கதவு திறந்திருந்தா எனக்குக் காத்துச் சத்தம் கேக்கும்."

"படியில ஏதோ இருக்கு மாமா."

"ஏதோ இல்ல. கிட்டி." அவர் குரலில் சிரிப்பு அடியோடு வற்றிவிட்டது. "நம்ம டெவனிகள்ல இந்த ஊருக்கு முதல்ல வந்தவ ஹொனோரா. அவ தங்கச்சி கிட்டி. அந்தக் காலத்துல, கடலுக்கு அந்தப் பக்கம் சொந்த நாட்டுல உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினியா செத்துட்டு இருக்கு. ஹொனோரா இங்கேருந்து ஆள் மூலமா தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினா, 'எப்படியாவது கப்பல் ஏறிடு, ஜன்னல்ல விளக்கு எரியும், கதவு திறந்திருக்கும்'னு. வந்தா. கப்பல்ல பரவின தொத்துக் காய்ச்சலோட வந்தா. இதே நாள், இதே படி. ஹொனோரா புருஷன் டொமினிக் பாத்தான். உள்ள புள்ளைங்க இருக்கேன்னு தாழ் போட்டான். விளக்கையும் ஊதி அணைச்சான்."

"பாவி! என்ன மனுஷன் அவன்!"

"காலையில கிட்டி உக்காந்த மேனிக்கே செத்திருந்தா. அவளைச் சுத்தி மட்டும் பனி இல்ல. அம்மாடி, நல்லா கேட்டுக்க. உள்ள விட்டா ஒரு வாய் தண்ணி குடிச்சு, கொஞ்சம் குளிர் காஞ்சிட்டு எழுந்து போயிடுவா. ஒண்ணும் பண்ண மாட்டா. வெளிய நிறுத்தினா, விளக்கு ஏத்தின கையைத் துணைக்குக் கூப்பிட்டுக்குவா."

"இதை ஏன் மாமா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த வீட்டுக்கு வாழ வந்திருப்பியா? போ, போய்த் திற."

நொரீன் போனாள். தாழில் கை வைத்தாள். இரும்பு வெதுவெதுவென்றிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். நெஞ்சுச்சளி கொரகொரக்கும் மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அழுகல் நெடி அவள் கணுக்காலில் பட்டது. இதையா உள்ளே விடுவது? காய்ச்சலில் கிடக்கும் குழந்தை இருக்கும் அறைக்குள்ளா? காய்ச்சலுக்கு மேல் காய்ச்சலா? கை நகரவில்லை. நகரச் சொன்னாள், நகரவில்லை.

கிழவருக்குக் குடி ஏறிவிட்டது. விளக்கு இருந்தால்தானே அழைப்பு? அழைப்பே இல்லையென்றால்?

ஜன்னலுக்குப் போனாள். டொமினிக் செய்ததைத்தான் தானும் செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே ஊதினாள்.

புகை நெளிந்து மேலே போனது. மூச்சுச் சத்தம் நின்றது. நெடி கரைந்தது. சமையலறையில் குளிர்பெட்டி உறுமும் சத்தம்கூடத் தெளிவாய்க் கேட்டது. அப்பாடா! தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. டெக்லன் வரட்டும், நல்லாக் கேட்கிறேன், உங்கள் குடும்பத்துக்கே கிறுக்கா என்று.

மெத்.

கதவடியில்.

மெத். இது இன்னும் கீழே. இன்னும் லேசாக.

இரண்டு தலைகள்.

"அம்மா."

நொரீன் அசையவில்லை.

"அம்மா, குளுருதும்மா. கதவைத் திற."

மேவின் குரல். வெளியிலிருந்து.

தந்திரம். ஏமாற்று வேலை. மேவ் இங்கேதான் இருக்கிறாள். சோபாவில். போர்வை தெரிகிறது. செம்பட்டை முடி தெரிகிறது. இதோ.

தவழ்ந்து போனாள். போர்வைக்குள் கை விட்டாள். நெற்றியைத் தேடினாள்.

காய்ச்சல் இல்லை.

சில்லென்று இருந்தது. கல் மாதிரி. முடியில் என்னவோ ஒட்டியது. பனி. அறைச் சூட்டிலும் உருகாத பனி.

"மேவ்! மேவ்! ஐயோ, என் தங்கமே, கண்ணைத் திற!"

உலுக்கினாள். திறக்கவில்லை.

"திறம்மா," என்றது வெளியே. "இந்த அத்தை நகந்து எனக்கு இடம் கொடுத்தாங்க."

தாழைப் பிய்த்து எடுத்தாள். நகம் பெயர்ந்தது. கதவு திறந்து சுவரில் மோதியது.

"வாங்க! உள்ள வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

தெருவில் யாருமில்லை. காலடித் தடம் ஒன்றில்லை. விளக்குக் கம்பம் வரை வெள்ளை. அவள் காலடியில், மேல்படியில், கறுத்த ஈரக்கல். அதை ஒட்டினாற்போல் இன்னோர் இடம். சின்னது. ஒரு கைக்குட்டை அளவு.

பனி சுற்றிலும் விழுந்தது. அந்த இரண்டின் மேல் மட்டும் விழவில்லை.

நொரீன் குனிந்து அந்தச் சின்ன இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது. காலையிலிருந்து அவள் கைக்குத் தெரிந்த அதே சூடு.