நிலவறை நீங்கலாக

ஐப்பசி அடைமழை ஒன்பதாம் நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒன்றைத் தவிர எந்தத் தறியும் ஓடவில்லை. நெய்கிறவர்கள் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிகளிலெல்லாம் தண்ணீர் ஊறி, மிதிகட்டைகள் மிதந்தன. ஆளுக்கொரு டின்னை எடுத்துக்கொண்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். திருஞானசம்பந்தத்தின் குழி மட்டும் காய்ந்து கிடந்தது.

"உன் குழில மட்டும் தூசி பறக்குதே. தண்ணி எங்கபா போவுது?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார் எதிர்வீட்டுப் பரமசிவம். குரலில் பாதி வயிற்றெரிச்சல்.

"வூட்டு ராசிண்ணே" என்றான் சம்பந்தம். சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் அது உறுத்தத்தான் செய்தது.

ஆவணியில்தான் அந்தப் பழைய வீட்டை வாங்கினான். தறிக்குக் குழி தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ஒரு செங்கல் வளைவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அடியில் வெறும் இருட்டு. கல்லைப் போட்டான், விழுந்த சத்தம் வரவில்லை. மேஸ்திரி கனத்த பலகை ஒன்றைப் போட்டு மூடினார். அதன்மேலேயே மிதிகட்டைகளைக் கட்டிவிட்டான். பாதி வேலை மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷம் வேறு.

இப்போது ஒவ்வொரு மிதிக்கும் பலகையின் இடுக்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மழைக்கால ஊரின் ஈர வாடை அதில் துளியும் இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு காய்ந்த நெடி, அதனடியில் எரிந்து தீர்ந்த எண்ணெய்த் திரியின் வாசனை, அவன் மிதிப்பதை நிறுத்திய பிறகும் கீழே யாரோ ஒருமுறை மிதித்து முடித்ததுபோல ஒரு மெல்லிய முனகல்.

சிறுவயதில் சைக்கிள் செயினில் மாட்டி இடதுகால் சுண்டுவிரல் போன இடம், மழை வந்தாலே அவனுக்கு விண்விண் என்று தெறிக்கும். இந்த மழைக்குத் தெறிக்கவில்லை.

தறியில் பூட்டிய பாவு நூலின் ஈரம் உலர, அவன் மனைவி நீலாம்பாள் வைத்திருந்த கரிச்சட்டியிலிருந்து காலையில் ஒரு கங்கு உருண்டு குழிக்குள் விழுந்தது. அவள்தான் கத்தினாள்.

"இன்னாங்க, கால்ல நெருப்பு!"

தோல் கருகும் வாசனை வந்தது. அவன் குனிந்து கங்கைத் தட்டிவிட்டான். இடது புறங்காலில் கொப்புளம். வலி இல்லை. பயப்பட வேண்டும் என்று நினைத்தான். மனசும் மரத்துக் கிடந்தது.

அப்போதுதான் வீட்டுப் பத்திரத்தில் படித்த, புரியாத ஒரு சொல் ஞாபகம் வந்தது.

"நான் வர்ற வரைக்கும் குழில கால் வைக்காதே" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தான். அவள் அவனுக்குப் பக்கத்தில், மேடையில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் நாடாவை வீசிக் கொடுப்பவள். குழியில் இறங்க அவளுக்கு அவசியமே இல்லை.

பத்திரம் எழுதும் வேணுகோபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "மேற்படி வீடு, தோட்டம், கிணறு... நிலவறை ஒன்று நீங்கலாக."

"நிலவறைன்னா இன்னாங்க?"

"பூமிக்குள்ள கட்டுற ரூம்புபா. சண்டைக் காலத்துல நகை, நெல்லு, சிலசமயம் ஆளுங்களையே உள்ள வெச்சு மூடிடுவாங்க. இப்ப யாரு அந்த வார்த்தையப் பேசுறா? தாய்ப்பத்திரத்துல இருந்துது, அப்படியே எழுதினேன்."

"நீங்கலாகன்னு ஏன் போட்டாங்க?"

அவர் பழைய தாள்களைப் புரட்டினார். அஞ்சு கை மாறிய வீடு. அஞ்சிலும் அந்த வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பழைய தாளில் விரல் நின்றது.

"நிலவறை ஒன்றும் அதிலுள்ளோரும் நீங்கலாக" என்று வாசித்தார். பிறகு தாளை மடித்துவிட்டார். "அது உன்னுது இல்லபா. குழிய மூடிட்டு வேற எடத்துல தறியப் போடு."

தெருமுனையிலேயே கேட்டது.

டக். டக். டக்.

ஊர் முழுக்கத் தறிகள் நின்றுபோன மழையில், ஒரே ஒரு தறி.

ஓடினான். கால் தரையில் படுவதே தெரியவில்லை.

நீலாம்பாள் அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் குழிக்குள். கைகள் மடியில். மிதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முகூர்த்தப் பொடவையாச்சே, நாலு வரி போடலாம்னு ஒக்காந்தேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் மிதிக்கலங்க."

"ஏந்திரு நீலா."

"கால் எங்க இருக்குதுன்னே தெரியல. வலிக்கலங்க."

அக்குளில் கைகொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். உடனே வந்துவிட்டாள். கனமே இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்தான். புடவைக் கொசுவம் தரையோடு தட்டையாகப் படிந்தது.

டக். டக்.

அரிக்கேன் விளக்கைக் குழிக்குள் இறக்கினான்.

பலகை இல்லை. இருட்டு. இருட்டின்மேல் மிதிகட்டைகள். அவற்றின்மேல் இரண்டு கால்கள், நிதானமாக, மாற்றி மாற்றி. முழங்காலுக்குமேல் ஒன்றுமில்லை. இடதில் சுண்டுவிரல் இல்லை. புறங்காலில் கொப்புளம்.

பக்கத்தில் இன்னொரு ஜோடி. மெட்டி போட்ட கால்கள். இன்னும் மிதி பழகவில்லை. தடுமாறித் தடுமாறி, கற்றுக்கொண்டிருந்தன.

"இன்னாங்க பாக்குறீங்க?" என்றாள் நீலாம்பாள்.

சம்பந்தம் விளக்கைப் பிடித்தபடியே நின்றான். குனிந்து தன் வேட்டியைப் பார்க்கவில்லை.