ஹோல்டர்ஷ்டைன் மணமுடி

கோர்பினியான் ட்ரோஸ்ட் ஈரல் உருண்டை சூப்பின் முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எந்தக் காருக்காகவும் அவர் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. அன்றும் வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ரொஸினாதான் ஜன்னலுக்கு ஓடினாள். ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அவள். மாட்டு வைத்தியத்தைவிட மனிதர்களின் வில்லங்கம் அவளுக்கு ரொம்ப இஷ்டம்.

"கோட்டைச் சீமாட்டி வர்றாங்க! மூஞ்சியைப் பார்த்தா யாரையோ கடிச்சு வைக்கப் போறாங்க."

"என்னையாத்தான் இருக்கும். நீ வந்து உக்காரு, சூப் ஆறுது."

வந்தவர் அடெல்குண்டே சீமாட்டி, ஹோல்டர்ஷ்டைன் குடும்பத் தலைவர் எக்பெர்ட் பிரபுவின் அக்கா. அரசாங்கம் இந்தப் பட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பல காலம் ஆயிற்று. ஊர் வாயிலிருந்துதான் இன்னும் யாராலும் எடுக்க முடியவில்லை.

"மணமுடியைக் காணோம்," என்றார் சீமாட்டி, உட்காராமலே. "எங்க வீட்டுக்கு வந்த மருமகள் அத்தனை பேரும் கல்யாணத்தன்னைக்குத் தலையில வச்ச கிரீடம். நாளைக்குக் கல்யாணம். நேத்து சாயங்காலம் அந்த ரொட்டிக்கடைப் பொண்ணு வச்சு அழகு பார்த்தா. இன்னைக்குக் காலையில பெட்டி காலி. வேற யாரு எடுத்திருப்பா?"

"பிரபு என்ன சொல்றார்?"

"அவனுக்கு இன்னும் தெரியாது, விடியும்போதே வேட்டைக்குப் போயிட்டான். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தலைவர் கையெழுத்துப் போட்டாத்தான் எங்க வீட்டுல கல்யாணம். இல்லேன்னா அவன் மகன் லெயோபோல்டுக்குக் கோட்டையும் கிடையாது, காடும் கிடையாது. தம்பி இன்னும் போடல. திருடியை மருமகளாக்க எப்படிப் போடுவான்?"

ட்ரோஸ்ட் சூப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வழியெல்லாம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அடுத்த பள்ளத்தாக்கின் திருப்பத்தில், கல்லறையிலிருந்து திரும்பும் பச்சைக் கோட்டு வேட்டைக்காரர்களுக்காகக் கார் நின்றது.

"வால்புர்காவை அடக்கம் பண்ணிட்டாங்க," என்றாள் ரொஸினா. "காட்டதிகாரியா இருந்த அப்பாவுக்கு அப்புறம் அந்தக் காட்டையே அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க. துப்பாக்கியை எடுத்தா ஆம்பிளைங்க ஒதுங்கி நிக்கணும்."

சீமாட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோட்டைக் கூடத்தில் மணப்பெண் கெர்லிண்டே அழுது சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள். பிரபுவின் மகன் லெயோபோல்ட் அவள் கையை விடவே இல்லை. கணப்பின் அருகே பிரபுவின் வேட்டை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. ரொஸினா பழக்கதோஷத்தில் அதன் முதுகைத் தடவினாள். ரோமம் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது.

"சீமாட்டிதான் ஒளிச்சு வச்சிருக்காங்க," என்று ட்ரோஸ்டின் காதைக் கடித்தாள். "கல்யாணத்தை நிறுத்தணும்ல?"

"இருக்கலாம். கொஞ்சம் பொறு."

அப்போதுதான் எக்பெர்ட் பிரபு உள்ளே வந்தார். நனைந்த கோட்டு, தோளில் வேட்டைப்பை, தொப்பியின் இடப்பக்கம் பசுமையான தேவதாருத் தழை. வீட்டுக்குள் தொப்பியோடு அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

"எதுவும் கிடைச்சுதா பிரபு?" என்று கேட்டார் ட்ரோஸ்ட்.

"தொப்பியில தழை இருக்கே, தெரியல?" என்றார் சீமாட்டி. "வேட்டை கிடைக்காம சும்மாவா செருகுவாங்க? அதை விடுங்க. எக்பெர்ட், மணமுடி போச்சு! இந்தப் பொண்ணுதான் எடுத்திருக்கா!"

பிரபுவின் முகம் வெளுத்தது. கெர்லிண்டேயைப் பார்த்தார். பையின் வார் அவர் விரல்களுக்குள் இறுகியது.

"சீமாட்டி அம்மா," என்று ரொஸினா பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தாள், "உங்க அலமாரியை ஒரு தடவை..."

"ரொஸினா, நீ தடவுன நாய் நனைஞ்சிருந்துதா?" என்று ட்ரோஸ்ட் குறுக்கிட்டார்.

"இல்லையே. நல்லாக் காய்ஞ்சிருந்துது."

"மழையில, நாயை வீட்டுல விட்டுட்டு எந்த வேட்டைக்காரன் காட்டுக்குப் போவான்? லெயோபோல்ட் தம்பி, வேட்டை கிடைச்சா தழையை எந்தப் பக்கம் செருகுவீங்க?"

"வலப்பக்கம்." லெயோபோல்ட் அப்பாவின் தொப்பியை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது. "இடப்பக்கம்னா துக்கம். வேட்டைக்காரங்க அடக்கத்துக்கு மட்டும்தான் அப்படி வைப்போம்."

"இன்னைக்குக் காலையில நடந்தது வால்புர்காவோட அடக்கம் மட்டும்தான்," என்றார் ட்ரோஸ்ட் மெதுவாக. "யாருக்கும் சொல்லாம அதுக்குப் போனவர், வந்ததுலேருந்து பையைக் கீழே இறக்கல. பிரபு, நீங்களே சொல்லிட்டா நல்லது. ஒரு பொண்ணு பேரு கெட்டுக்கிட்டு இருக்கு."

பிரபு பையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய மணமுடி மேசைமேல் வந்தது.

"இதை உன் தலையில வைப்பேன்னு அவகிட்ட இளவயசுல சொன்னேன்," என்றார். "காட்டதிகாரி மகள் சம அந்தஸ்து இல்லேன்னு அப்பா கையெழுத்துப் போடல. நானும் எதிர்த்து நிக்கல. வேற யாரையும் அவ கட்டிக்கல. மண்ணைப் போடுறதுக்கு முன்னாடி சவப்பெட்டி மேல கொஞ்ச நேரம் வச்சிருந்தேன், அவ்வளவுதான். கமுக்கமாத் திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன். மன்னிச்சிடும்மா கெர்லிண்டே. என் கோழைத்தனம் உன் தலையில விடியப் பார்த்துது."

ரொஸினா மூக்கை உறிஞ்சினாள். சீமாட்டியைச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம் வேறு.

"லெயோபோல்ட், பேனாவை எடு," என்றார் பிரபு. "எங்க அப்பா போட வேண்டிய கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுடறேன்." நின்றபடியே போட்டார். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போனது. ஆனால் பல நாளாகக் காணாத தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

கெர்லிண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்குச் சொந்தம்னு யாராவது இருக்காங்களா மாமா?"

"ஒரு அண்ணன். காது கேக்காது. தனியா இருக்கார்."

"நாளைக்கு அவரையும் கூப்பிடலாமா?"

பிரபு அக்காவைப் பார்த்தார். அன்று அப்பாவின் மறுப்பை வால்புர்காவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் இந்த அக்காதான். அடெல்குண்டே சீமாட்டி தன் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"கோயில்ல முன்வரிசையில, என் பக்கத்துல நாற்காலி போடுங்க," என்றார். "கூப்பிட நானே போறேன். அந்த வீட்டு வழி எனக்குத் தெரியும்."