ஏழாம் எண் திரும்பி வரவில்லை

அறிவியல் டீச்சர் அழிரப்பரை நீட்டினார். குண்டூசி அதை வாங்கவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குண்டூசி என்பது வகுப்பு வைத்த பெயர். ஆள் சின்னவள், பேச்சு மட்டும் சுருக்கென்று குத்தும். மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளுக்கும் அவளுடைய ஜோடியான ஆர்ட்டிஸ்டுக்கும் ஜன்னலோரம் ஒரு மேஜை கிடைத்திருந்தது. ஆர்ட்டிஸ்ட் கையால் கோடு போட்டாலும் ஸ்கேல் வைத்துப் போட்டது போலிருக்கும். சார்ட் எழுத அவனை விட்டால் ஆளில்லை.

சோதனை எளிமையானதுதான். தலைமுடிக்குப் பூசுகிற ஜெல்லில் சிவப்புச் சாக்பீஸ் தூளைக் கொஞ்சம் கலந்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். கீழ்க் கண்ணாடி அசையாது. மேல் கண்ணாடியை விரலால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ரொம்பத் தூரம் போய்விடாமல் இருக்க இரண்டு பக்கமும் தடுப்பு உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட தூள் என்ன பாடுபடுகிறது என்று மைக்ரோஸ்கோப் பார்க்கும். அதோடு இணைத்த கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு துகளும் மிளகு அளவுக்குத் தெரியும்.

ஜெல் வந்தது குண்டூசியின் அப்பா நடத்தும் முடிவெட்டும் கடையிலிருந்து. பாதி டப்பா காலியானதும், எந்தத் தலைக்கு இவ்வளவு ஜெல் என்று அப்பா கேட்டார். அறிவியலுக்கு என்றாள் இவள். அறிவியலுக்குத் தலை உண்டா என்று யோசித்துக்கொண்டே அவர் அடுத்த தலையைக் கவனிக்கப் போனார்.

திரையின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி, இருபது துகள்களைத் தேர்ந்தெடுத்து எண் போட்டார்கள். தள்ளுவதற்கு முன் துகள் இருக்கும் இடத்தில் நீலப் புள்ளி. பத்து முறை தள்ளி முடித்த பிறகு அது நிற்கும் இடத்தில் சிவப்பு வட்டம். துகள் வீடு திரும்பியிருந்தால் புள்ளி வட்டத்துக்குள் இருக்கும்.

ஜெல் ரப்பர் மாதிரி, தள்ளினால் போகும், விட்டால் வரும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். முதலில் ஓர் அட்டையின் கனம் அளவு தூரத்துக்கு மட்டும் தள்ளினார்கள், இருபதும் வந்துவிட்டன. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இன்னும் நான்கு தடவை தள்ளினார்கள், அப்போதும் வந்துவிட்டன. கடைசியாகத் தீக்குச்சி கனத்துக்குத் தள்ளியபோதும் இருபது புள்ளிகளும் வட்டத்துக்குள் இருந்தன. ‘எவ்வளவு ஆட்டினாலும் எல்லாம் வீடு திரும்பும்’ என்று ஆர்ட்டிஸ்ட் சார்ட்டில் பெரிதாகத் தலைப்பு எழுதிவிட்டான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், சும்மா இருக்க முடியாமல் குண்டூசி புது ஜெல்லை வைத்து, புதுப் புள்ளிகள் போட்டு, தீக்குச்சி கனத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். பதினேழு துகள்கள் வீட்டுக்கு வந்தன. ஏழாம் எண், பன்னிரண்டாம் எண், பத்தொன்பதாம் எண் மூன்றும் வரவில்லை. புள்ளியை விட்டுத் தள்ளி எங்கோ நின்றன.

“நேத்து இதை நீ பார்த்துத்தானே வட்டம் போட்ட?” என்று ஆர்ட்டிஸ்டைக் கேட்டாள்.

அவன் காது சிவந்தது. முதல் ஐந்து தடவையும் எல்லாத் துகளும் ஒழுங்காக வந்ததில் அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. ஆறாவது தடவை, இவள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவன் திரையைப் பார்க்காமல் எல்லாப் புள்ளிக்கும் அழகாக வட்டம் போட்டு முடித்துவிட்டான். டீச்சரிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினான்.

“நான் சொல்ல மாட்டேன். ஆனா வட்டத்தை மாத்துவேன்.”

சொன்னபடியே மூன்று துகள்களும் நிற்கிற இடத்தில் மூன்று சிவப்பு வட்டங்களைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து சேர்ந்தார்.

டீச்சர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து பதினோரு மேஜைகளைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போயிருந்தார். தாளைப் பார்த்தவுடன், தள்ளும்போது கை ஆடியிருக்கும், மூன்றையும் அழித்துவிட்டுப் பழையபடி போடு என்று அழிரப்பரை நீட்டினார்.

“மாட்டேன் டீச்சர்.”

பக்கத்து மேஜைப் பிள்ளைகள் வேலையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் முகம் இறுகியது. நாளைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தப்பைக் காட்டிப் பள்ளியின் மானத்தை வாங்க முடியாது என்றார். மேஜை கிடைக்காத எரிமலைக் குழு வராந்தாவில் காத்திருக்கிறது, அழிக்க மனமில்லை என்றால் மேஜை அவர்களுக்கு என்றும் சொல்லிவிட்டார்.

குண்டூசி மேஜையைப் பார்த்தாள். அந்த மேஜை அவளுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு அதே மேஜையில் சிரித்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

“கை ஆடியிருந்தா இருபதும் சேர்ந்து ஒரே பக்கமா நகர்ந்திருக்கணும் டீச்சர். பதினேழு அதே இடத்துக்கு வந்துடுச்சு. மூணு மட்டும் ஆளுக்கு ஒரு பக்கமா போயிருக்கு. என் கை எப்படி அந்த மூணை மட்டும் தேடிப் பிடிச்சுத் தள்ளும்?”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியைத் தானே பத்து முறை தள்ளினார். திரையில் இருபது துகள்களும் போயின, வந்தன. எங்கிருந்து கிளம்பினவோ அங்கேயே வந்து நின்றன. ஒன்று பாக்கியில்லை.

எல்லாம் வந்துவிட்டதே என்றார் டீச்சர். ஆர்ட்டிஸ்ட் நிம்மதியாக மூச்சு விட்டான். குண்டூசிக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே தன் கைதான் ஆடியதோ என்று ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுதாலும் பரவாயில்லை என்று திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

“ஏழு எங்க வந்து நிக்குது, பாருங்க டீச்சர்.”

டீச்சர் பார்த்தார். ஏழு திரும்பி வந்திருந்தது. ஆனால் நீலப் புள்ளிக்கு வரவில்லை, குண்டூசி போட்ட சிவப்பு வட்டத்துக்குள் வந்து நின்றது. பன்னிரண்டும் பத்தொன்பதும் அப்படித்தான். மூன்றும் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, புது வீட்டிலிருந்து போய் வந்துகொண்டிருந்தன. டீச்சர் இன்னும் பத்து முறை தள்ளினார். பழைய வீடுகள் காலியாகவே இருந்தன.

அப்போது ஆர்ட்டிஸ்ட் முன்னால் வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

“நேத்து நான்தான் பார்க்காமலே வட்டம் போட்டேன் டீச்சர். அவ மேல தப்பில்ல.”

டீச்சர் தானும் இந்தச் சோதனையை இவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த மூன்று மட்டும் ஏன் இடம் மாறின என்று கேட்டார்.

“தெரியல டீச்சர். தெரியலன்னே எழுதலாமா?”

எழுது என்றார் டீச்சர். ஆர்ட்டிஸ்ட் சார்ட்டின் தலைப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான்: ‘கொஞ்சமாக ஆட்டினால் எல்லாம் திரும்பும். அதிகமாக ஆட்டினால் சில, புது இடம் பிடிக்கும். ஏன் அந்தச் சில மட்டும்? எங்களுக்குத் தெரியாது.’ இந்தத் தடவை எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

மறுநாள் கோட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர் சார்ட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்காட்சியில் போய் யாராவது தெரியாது என்று எழுதி வைப்பார்களா என்று கேட்டார். குண்டூசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

“பார்த்ததை எழுதியிருக்காங்க சார். நம்பலன்னா நீங்களே தள்ளிப் பாருங்க.”

சொன்னதோடு நாற்காலியையும் இழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். ஆர்ட்டிஸ்ட் புது ஜெல்லை வைத்து, இருபது நீலப் புள்ளிகளையும் போட்டுக் கொடுத்தான். பத்து முறை தள்ளினார். திரையைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளில் துகளைக் காணோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

குண்டூசி சிவப்புப் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.