துடைக்கிறவன்

காலை ஏழு மணிக்கு வாசலில் வெயில் விழுந்ததும் எங்கள் கார் சாப்பிட ஆரம்பிக்கும். திருப்பூரில் யாரும் கார் கழுவிப் பன்னிரண்டு வருடமாகிறது. வாளி, ஷாம்பு, மெழுகு எதுவும் வேண்டாம். மேலே பூசிய தின்பூச்சு நாளுக்கு ஒருமுறை, காலையின் முதல் வெயில் பட்டதும் தூசியைத் தின்று, கீறலை ஆற்றிக்கொண்டு பளபளக்கும். பிறகு எந்த ஊர்த் தூசியைத் தின்றது என்று அழுக்குச்சீட்டு ஒன்றை அனுப்பும். சாவி வைத்திருக்கும் எல்லோருடைய கைபேசிக்கும் அது போகும்.

இதனால் ஊரில் ஒரு புது வசவு பிறந்தது: ‘துடைக்கிறவன்’. தானாகச் சுத்தமாகிற வண்டியை வெயில் வருமுன் ஒருவன் துடைத்தால், போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். எதிர்வீட்டுக் கல்யாணம் இந்த ஒரு சொல்லில் நின்றது.

என் கணவர் மௌலீஸ்வரன் துடைக்கிறார். மூன்று வியாழக்கிழமையாகப் பார்த்துவிட்டேன். புதன் சாயங்காலம் பூப்பந்து விளையாடக் காரை எடுப்பவர், மறுநாள் ஆறரைக்கே ஈரத்துணியோடு பானெட்டில் குனிந்திருக்கிறார். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துவைக்காத மனிதர்! யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. புதன் மதியங்களில் நான் காங்கேயம் போகிறேன், தங்கை தாரணியைப் பார்க்க. அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். போன இரண்டு ஊர்களிலும் அப்பா ஆள்விட்டு அவர்களைத் துரத்தினார். இப்போது ஓர் அரிசி ஆலைக்குள் ஒளிந்து குடியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் காரை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. மூன்றாவது சாவி அவரிடம் இருக்கிறது. ஆலை உமி காரில் படியும்தான். மேம்பாலத்தில் விரட்டி ஓட்டினால் பறந்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தேன். இதுவரை ஒரு சீட்டிலும் உமி வந்ததில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது வியாழன், துணியை ஒளித்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

“துணி எங்க, அம்மிணி?”

“எதுக்குங்க? கார் தானாத் தின்னுக்கும்ல?”

“வெளையாடாத. நேரமாச்சு, குடு.” அவர் கண் மதில்மேல் இறங்கிய வெயிலில் இருந்தது.

“யாருங்க அவ?”

“எவ?”

“ஏழு மணிக்குச் சீட்டே சொல்லிரும், இருங்க.”

அவர் சட்டையைக் கழற்றி அதனாலேயே துடைக்கப் போனார். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஆத்திரத்தில் எனக்கு அத்தனை பலம் வந்திருந்தது. “விடு, சொல்றேன், மொதல்ல விடு” என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, பிடியை இறுக்கினேன். வெயில் பானெட்டுக்கு வந்தது. அவர் கை தளர்ந்துவிட்டது.

“அது உன்ற தங்கச்சி வூட்டு உமி அம்மிணி. வைப்பர் இடுக்குல மொத வாரமே பாத்துட்டேன். அவங்க அரிசி ஆலைல இருக்கறது எனக்கும் தெரியும். உங்கிட்டச் சொன்னா பயந்துட்டுப் போறத நிறுத்திருவே. மாசமா இருக்கற புள்ளைக்கு வேற யாரு இருக்கா?”

என் கைபேசி மணியடித்தது. உள்ளே அவருடையதும் அடித்தது. ‘நெல் உமி, காங்கேயம்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. மூன்றாவது மணி எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறவர்.

கார் ஒரு பொட்டுத் தூசியில்லாமல் நின்றது. நான் தாரணியை அழைத்தேன்.

“என்னக்கா, காலங்காத்தாலயே?” என்று சிரித்தாள். “குழந்த ராத்திரி பூரா ஒதைக்குதுக்கா.”

“தாரணி,” என்றேன், “துணிமணியெல்லாம் எடுத்துக் கட்டு.”