நாற்பத்திரண்டாவது பொம்மை

எல்லாப் பொம்மைகளும் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஐந்தாம் படியில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

சகாயமேரி பெருக்குவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். தசரா வந்தால் அந்த வார்டு நூலகத்தில் பத்திரிகை மேஜைகளை ஓரங்கட்டி, ஒன்பது படி கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளின் பொம்மைகளை வாங்கி வைப்பது நாலு வருஷமாக நடக்கிறது. மரத்தில் ராஜா ராணி, காகிதக்கூழில் யானை, யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பஞ்சில் செய்த ஆட்டுக்குட்டி. ஒவ்வொன்றின் காலடியிலும் கொடுத்த வீட்டுக்காரர் பெயர் எழுதிய அட்டை. முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றி, ஆளுக்கொரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தது நூலகத்தின் கடைநிலை ஊழியரான மேரிதான். நாற்பத்தொன்று. இப்போது எண்ணினால் நாற்பத்திரண்டு.

ஒரு சாண் உயரம். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பெண். வண்ணம் பூசாத மண். மேரி அதைத் திருப்பினாள். முகம் இருக்க வேண்டிய இடம் உரித்த முட்டை போல வழவழவென்று இருந்தது. பழைய காகிதமும் அந்துருண்டையும் மணக்கிற அந்தக் கூடத்தில், அதிலிருந்து மட்டும் அப்போதுதான் தோண்டியெடுத்த ஈர மண் வாசனை வந்தது.

படிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த கெம்பம்மாவைக் கூப்பிட்டாள். தெருப் பெண்களைச் சேர்த்து இந்தக் கொலுவை நடத்துகிறவள் அவள்தான்.

"கெம்பம்மா, இது யார் வீட்டுது?"

"அய்யோ தேவரே! கண்ணு தெறக்காத பொம்மைய யாராவது படியில வைப்பாங்களா? பண்றவங்க கடைசியா கண்ணு எழுதித்தானே கொடுப்பாங்க. இது பாதியில நிக்குது. எடுத்து உள்ள வையி மேரி."

"யாராவது வந்து என் பொம்மை எங்கேன்னு கேட்டா?"

அதற்குள் நூலகர் பசவராஜ் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வரும், கன்னடத்தைத் தூவிக்கொண்டு வரும்.

"மேரியம்மா, நாளைக்கு ஆபீசர் பர்த்தாரே, வர்றார். பேரில்லாத சாமான் ஒண்ணு இருந்தாக்கூட என்னைத் தின்னுடுவார். ஏதாவது ஒரு பேரை எழுதுங்க, ஆயித்து, முடிஞ்சது!"

"யார் பேரை சார் எழுதறது?"

"உங்க வீட்ல ஆளே இல்லையா?"

இருந்தது ஒரே ஒரு ஆள், மகள். புருஷன் சூசைநாதன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மேரி யோசிக்கவே இல்லை. 'நாற்பத்திரண்டு. ஜெசிகா' என்று எழுதி, காந்திநகர் வீட்டு எண்ணையும் போட்டாள். அட்டையைப் பொம்மையின் காலடியில் வைத்தாள். சீட்டைத் தன் பர்ஸிலேயே போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெசி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக ஃபோனோடு சண்டை போட்டாள்.

"மம்மி, இதுக்கு என்ன கேடு பாரு. என் மூஞ்சியக் காட்டினா தெறக்கவே மாட்டேங்குது."

"பவுடரைக் கொஞ்சம் கம்மியா அப்பு. அதுக்கு யாருன்னு தெரியணும்ல?"

"போ மம்மி!"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. ஹெப்பாளில் ஜெசியின் கம்பெனி வாசலில் இருக்கிற காமிராவும் அவளை உள்ளே விடவில்லையாம். காவலாளி அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டான்.

"கார்டுல இருக்கறது உங்க அக்காவான்னு கேக்கறான் மம்மி. எல்லார் முன்னாலயும்."

நாலாம் நாள் காலையில் பொம்மை மறுபடி சுவரைப் பார்த்து இருந்தது. மேரி எட்டி அதன் முகத்தைப் பார்த்தாள். அதற்கு உதடு வந்திருந்தது. மெல்லிய உதடு, ஜெசி கோபித்துக்கொண்டால் இடது ஓரம் மட்டும் ஏறுமே, அந்த உதடு. அதன் கீழே கடுகளவு மண்ணில் ஒரு மச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து மகளை விளக்கடியில் இழுத்து நிறுத்தினாள்.

"மச்சம் எங்க ஜெசி?"

"எந்த மச்சம்?" என்று கேட்டாள் ஜெசி, நிஜமாகவே தெரியாமல்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த உதட்டை அழித்துவிடுவது என்று மேரி கட்டைவிரலை வைத்தாள். மண் இன்னும் ஈரம். விரல் வழுக்கி முகவாயில் அமுங்கிப் பள்ளம் விழுந்தது. பதறிக் கையை எடுத்தாள்.

அன்று ஜெசி முகவாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீலம் பாய்ந்த குழி. உள்ளே மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து.

"பஸ்ல இடிச்சுக்கிட்டியா?"

"இல்ல மம்மி. பதினோரு மணி இருக்கும். சும்மா உக்காந்திருந்தேன். யாரோ விரலை வச்சு அழுத்தின மாதிரி."

மேரி தன் கட்டைவிரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். பொம்மையைப் போட்டு உடைப்பது என்று மனசில் வைத்திருந்தாள். இனி அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தூக்கிக்கொண்டாவது வந்துவிடலாம் என்று பார்த்தாள். இரண்டு கையாலும் மெதுவாகப் பற்றியபோது, அடிமண் படித் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு விரிசல் சத்தம். கையை விட்டுவிட்டாள்.

"ஈர மண்ணை அசைக்காத மேரி, பிஞ்சுடும்" என்றாள் கெம்பம்மா. "காஞ்சா தானா விடும். கடைசி நாளுக்குள்ள காஞ்சுடும்."

பசவராஜிடம் போய் நின்றாள். "சார், அந்த நாற்பத்திரண்டாம் பேரை அடிச்சிடலாமா?"

"ஆபீசர் கையெழுத்துப் போட்டாச்சு மேரியம்மா. இனி கடைசி நாள்ல சீட்டோட வந்து வாங்கறதுதான். நீங்கதானே வாங்கப் போறீங்க? அதுவரைக்கும் சும்னிரி, சும்மா இருங்க."

அந்தச் சீட்டு ஒன்றுதான் மேரிக்கு மிஞ்சியது. காய்ந்ததும் புதுத் துண்டில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் போதும். தினமும் பர்ஸைத் திறந்து சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். தினமும் பொம்மைக்கு ஒன்று கூடியது. மூக்கு. புருவம். கம்மல் போடும் துளையோடு காது. ஊரெல்லாம் விளக்குப் போட்டு, தெருத்தெருவாக ஜனம் வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. மேரி வேலை முடிந்து தலையைக் குனிந்தபடி பஸ் நிறுத்தத்தைக் கடந்தாள். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது.

"மம்மி, என்னைப் பார்த்துட்டே தாண்டிப் போறியே?"

குரல்தான் மகள் குரல். எதிரே நின்ற முகம் ஈரத்தில் ஊறிய படம்போல் இருந்தது. மேரி அந்தப் பெண்ணை யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டிருந்தாள்.

அதன்பின் ஜெசி வேலைக்குப் போகவில்லை. உள்ளறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னாள். மேரி கண்ணாடியைக் கழற்றும்போது பக்கத்தில் மாட்டியிருந்த, சின்ன வயசில் ஜெசி கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பார்த்தாள். வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. முக்காட்டுக்குள் வெறும் வெள்ளை.

தசராவின் கடைசி யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி முடிந்த மறுநாள் பொம்மைகளைத் திருப்பிக் கொடுக்கிற நாள். காலையில் ஜெசி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஃபோனைக் கொடுத்தாள். வார்த்தை தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"கடையில காட்டு மம்மி. நம்பர் போட்டாலும் தெறக்க மாட்டேங்குது."

"இன்னைக்கு எல்லாம் சரியாயிடும்டா. அம்மா கொண்டாந்துடறேன்."

"கண்ணு இன்னும் இருக்கு மம்மி. சீக்கிரம் வா."

படியில் பொம்மை காய்ந்திருந்தது. வெளுத்த மண்ணில் முழு முகம். இமைகள் மட்டும் மூடியிருந்தன. மேரி ஃபோனை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, துண்டை விரித்தாள். சீட்டை எடுத்தாள்.

"மேரியம்மா, மொதல்ல எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வந்துடுங்க. உங்க பொம்மை எங்க ஓடிப் போகுது?" என்றார் பசவராஜ்.

எதிர்க்கடை. பத்தே நிமிஷம்.

திரும்பி வந்தபோது ஐந்தாம் படி காலி. துணியில் வட்டமாக ஒரு ஈரம்.

"சார், நாற்பத்திரண்டு?"

"உங்க மகளே வந்து வாங்கிட்டாளே."

"சீட்டு என் கையில இருக்கே சார்!"

"அந்த மூஞ்சிக்குச் சீட்டு எதுக்கும்மா? ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்து பார்க்கறேன். ஃபோனையும் கேட்டா, டிராயர்ல இருந்து எடுத்துக் கொடுத்தேன். மூஞ்சிக்கு நேரா பிடிச்சா. டக்குனு தெறந்துச்சு. சிரிச்சுக்கிட்டா." பசவராஜ் கொஞ்சம் யோசித்தார். "கால்ல செருப்பு இல்ல. ஒரே மண்ணு."

"பொம்மையைக் கையில எடுத்துட்டா போனா?"

"பொம்மை..." என்றவர் நிறுத்தினார். "கையில ஒண்ணும் பார்த்த ஞாபகம் இல்லையே மேரியம்மா."

பதிவேட்டில் ஜெசிகா என்ற பெயருக்கு நேரே, கையெழுத்துக்குப் பதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. மண் நிறம். ரேகையே இல்லை.

ஆட்டோ பிடித்தாள். தெருவில் விளக்குச் சரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. பிறந்த அன்று பார்த்த முகமும் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள்.

"ஜெசி."

உள்ளறையில் சுவரைப் பார்த்த முதுகு. பின்னல். பச்சை நைட்டி.

"ஜெசி, திரும்புடா."

திரும்பினாள்.

உரித்த முட்டை.

அந்தப் பெண் தவழ்ந்து வந்து மேரியின் காலைக் கட்டிக்கொண்டாள். தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம். வெளியே வர வழியில்லாத சத்தம். பிடித்த கை சில்லிட்டிருந்தது. ஈரமாக இருந்தது.

மேரியின் ஃபோன் அடித்தது. 'ஜெசி' என்று திரையில் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"மம்மி, ஃபோன் சரியாயிடுச்சு. நான் வாசல்ல நிக்கறேன். கதவைத் தெற."

டொக். டொக். எப்போதும்போல ரெண்டே தட்டு.

ஜன்னல் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்து நின்றது. மெல்லிய உதடு. கீழே மச்சம். முகவாயில் மேரியின் கட்டைவிரல் பள்ளம். இப்போதுதான் திறந்த கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் மேரிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தொட்டில், ஞானஸ்நானம், பல் விழுந்த சிரிப்பு. எல்லாம் அந்த முகம்தான்.

"மம்மி, பசிக்குது."

கீழே காலைப் பிடித்திருந்த கைகள் இறுகின. முகமில்லாத தலை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆடியது. வேண்டாம், வேண்டாம்.

மேரி குனிந்து பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் கை தன்பாட்டில் தாழ்ப்பாளுக்குப் போனது.